முனிரத்தினத்தை முழுசா குணப்படுத்திடாதீங்க

அம்சவேணிக்கு எழுதுவதென்றால் கொள்ளை ஆசை. எழுதியதைச் சுருக்கச் சொன்னால் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். வேலூருக்கு வெளியே இருந்த அந்த மனநல ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளராகச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கும் டாக்டர் கிருஷ்ணராஜுக்கும் இதே தகராறுதான். நோயாளியின் ஃபைலில் வாரத்துக்கு நாலு வரி போதும் என்பது டாக்டரின் கட்சி. தூக்கம் எப்படி, பசி எப்படி, பயம் கூடியதா குறைந்ததா, அவ்வளவுதான். அம்சவேணி அதையெல்லாம் எழுதிவிட்டு, பக்கத்தைத் திருப்பி, 'ரசத்தில் உப்பில்லை என்று மனைவியிடம் சண்டை போட்டார், நல்ல முன்னேற்றம்' என்றும் எழுதி வைப்பாள். சண்டை போடுவது எந்த ஊரில் முன்னேற்றம் என்று டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்பார். போன வாரம் வாயே திறக்காத மனுஷன் சார், இப்போது நாக்குக்கு ருசி தெரிகிறதே என்பாள் அவள். டாக்டர் தலையை ஆட்டிக்கொள்வார். ஆனாலும் அடுத்த வாரமும் சுருக்கச் சொல்லத்தான் செய்வார்.

குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பம் அவளுடையது. அப்பா கங்காதரன் வீட்டை ஒட்டி பவர்லூம் போட்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவளுக்கு மெதுவாகப் பேசவே வராது. ஊரார் மனசில் இருக்கும் ரகசியத்தைக் கேட்டுப் பத்திரப்படுத்த வேண்டிய உத்தியோகம். இவள் வாயைத் திறந்தால் வராந்தாவின் கடைசி வரைக்கும் கேட்கும். மெட்ராஸில் படித்து முடித்து இந்த வேலைக்கு வந்தபோது, பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண்ணை எவன் கட்டுவான் என்று சித்தியும் பெரியம்மாவும் மூக்கைச் சிந்தினார்கள். ஒரு கணக்கு வாத்தியார் கட்டிக்கொண்டார். சத்துவாச்சாரியில் மனை வாங்கி, முக்கால் வீடு கட்டி, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று இரண்டு பேரும் குடியும் போய்விட்டார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியைக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போகிற கதையெல்லாம் அங்கே நடக்காது. வீட்டு மனுஷர் யாராவது ஒருவர் கூடவே தங்கி, ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சமைத்துப் போட்டு, வைத்தியம் முடியும் வரை இருந்தாக வேண்டும். அதனால் அம்சவேணிக்கு ஒவ்வொரு கதையும் இரண்டு வாயால் கிடைக்கும். எண்பத்திரண்டாம் வருஷம் ஆடி மாதத்தில் ஆம்பூரிலிருந்து முனிரத்தினம் வந்து சேர்ந்தபோது, முக்கால்வாசிக் கதை அவர் மனைவி பூங்காவனத்தின் வாயால்தான் கிடைத்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

முனிரத்தினம் அப்துல் சமத் சாயபுவின் தோல் பதனிடும் டேனரியில் டிரம் ஓட்டுகிறவர். டிரம் என்றால் தகர டிரம் என்று நினைத்துவிடக் கூடாது. ஆள் உயரத்துக்கும் மேலான மரப் பீப்பாய் அது, படுத்த வாக்கில் மோட்டாரில் சுற்றும். உள்ளே தண்ணீர், மருந்து, மூட்டை மூட்டையாக ஆட்டுத் தோல். சுற்றி முடித்ததும் தண்ணீரை வடித்துவிட்டு, பக்கத்துச் சின்னக் கதவு வழியாக ஆட்கள் உள்ளே இறங்கி, ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிடக்கும் தோலைப் பிரித்து வெளியே இழுத்துப் போடுவார்கள். அவர்கள் வெளியே வந்த பிறகு அடுத்த லோடு. கதவை மூடி பட்டனைத் தட்டுவது முனிரத்தினத்தின் வேலை. பதினைந்து வருஷமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் டீக்கடையில் யாரோ சொன்னார்கள், வேறு ஏதோ ஊரில் உள்ளே ஆள் இருக்கும்போதே டிரம்மை ஓட்டிவிட்டார்களாம். கேட்ட மற்றவர்கள் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்கள். முனிரத்தினத்தால் குடிக்க முடியவில்லை. அன்று பட்டனில் கை வைத்தவருக்கு, உள்ளே யாராவது இருந்தால் என்று தோன்றிவிட்டது. போய் எட்டிப் பார்த்தார். தோல்தான் இருந்தது. கதவை மூடிவிட்டு பட்டனுக்கு வந்தார். நாம் இந்தப் பக்கம் வந்த நேரத்தில் எவனாவது இறங்கியிருந்தால்? மறுபடி போய்ப் பார்த்தார். ஆட்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, எல்லோரும் குரல் கொடுத்த பிறகுதான் தட்டினார். தட்டிய பிறகும் நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தார்.

நாளாக நாளாக அது ஜாஸ்தியாகிக்கொண்டே போனது. சாப்பாட்டில் பாதியில் கையை உதறிக்கொண்டு டேனரிக்கு ஓடுவார். ஒரு லோடு ஓட ஆரம்பிப்பதற்குள் மருந்தின் நேரம் தப்பிப்போய், தோல் திட்டுத் திட்டாகக் கறைபட்டது. மேஸ்திரி நந்தகோபால் அவருக்கு 'எட்டிப்பார்' என்று பேர் வைத்தார். டேனரி முழுக்க அந்தப் பேரைச் சொல்லிச் சிரித்தது.

"அரிசி டப்பாவக்கூட எட்டிப் பாத்துட்டுதாம்மா மூடறாரு," என்று சொல்லிவிட்டுப் பூங்காவனம் அழுதாள். "அதுல யாரு வுழுந்து கெடக்கப் போறான்? நானா?"

டாக்டர் கிருஷ்ணராஜ் முனிரத்தினத்துக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஒவ்வொரு தடவை ஓடிப்போய்ப் பார்க்கும்போதும் நீங்கள் பயத்துக்குச் சோறு போட்டு வளர்க்கிறீர்கள். ஒரு தடவை பாருங்கள், பட்டனைத் தட்டுங்கள், அப்புறம் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். பயம் ஏறும், ஏறி நிற்கும், பிறகு தானாக இறங்கிவிடும் என்றார். ஆஸ்பத்திரித் தோட்டத்துக் கிணற்றடியில் ஒரு பம்பு ஷெட் இருந்தது. தினமும் காலையில் முனிரத்தினம் மோட்டாரை ஒரு தடவை பார்த்துவிட்டு, சுவிட்சைப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நிற்க வேண்டும். அம்சவேணி ஃபைலோடு பக்கத்தில் நின்று, எத்தனை தடவை பார்த்தார், எப்படி இருந்தார் என்று எழுத வேண்டும்.

முதல் நாள் அவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்துவிட்டது. பயம் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று கேட்டாள். தொப்புளுக்கு மேலே ஒரு மோட்டார் ஓடுகிறது என்றார். அம்சவேணிக்கு அந்த வார்த்தை பிடித்துவிட்டது. அன்றிலிருந்து ஃபைலிலும் மோட்டார் ஓட ஆரம்பித்தது. மோட்டார் வேகமாக ஓடுகிறது, மோட்டார் கொஞ்சம் மெதுவாகிவிட்டது, இன்று குளிக்கும்போது மோட்டார் நின்றிருந்தது. அந்த வாரம் ஃபைலைப் புரட்டிய டாக்டர், பம்பு செட் ரிப்பேராம்மா, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார்.

ஆனால் வைத்தியம் பலித்தது. ஆவணி பிறப்பதற்குள் முனிரத்தினம் ஒரே தடவை பார்த்துவிட்டு சுவிட்சைப் போட்டார். பம்பு ஓட ஓட, பக்கத்துத் தென்னைக்குத் தண்ணீர் திருப்பிவிட மண்வெட்டியைக்கூட எடுத்துக்கொண்டு போனார். பூங்காவனம் முகத்தில் ரத்தம் ஊறிவிட்டது. டாக்டர், ஆள் தேறிவிட்டார், எழுதி அனுப்பிவிடலாம் என்றார்.

அம்சவேணிக்குத்தான் பேனா ஓடவில்லை. பயம் போய்விட்டதா என்று கேட்டபோது முனிரத்தினம் சொன்ன பதில் அவள் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. இங்கே பயமில்லை என்றார். இங்கே என்றால்? அங்கே? அவர் மண்வெட்டியைக் கழுவப் போய்விட்டார்.

சமத் சாயபு ஆஸ்பத்திரிக்கு போன் போட்டது அந்த நேரத்தில்தான். நயமாகத்தான் பேசினார். முனிரத்தினம் நல்ல ஆள், அனுப்பிவிட மனசில்லை. ஆனால் பக்ரீத் வருகிறது. பண்டிகை முடிந்த கையோடு தோல் வந்து மலையாகக் குவியும், உடனே உப்புப் போட்டு உள்ளே தள்ளாவிட்டால் அழுகிப் போகும். டிரம் நிற்காமல் ஓட வேண்டும். அதற்கு லாயக்கு என்று டாக்டர் காகிதம் கொடுத்தால் அவர் இடம் அவருக்கு. இல்லையென்றால் கேட்டில் காவலுக்கு உட்கார வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கேட்டில் உட்காருவது பெரிய கஷ்டமா, டிரம் பக்கமே போக வேண்டாமே, நிம்மதிதானே என்று அம்சவேணி முனிரத்தினத்திடம் கேட்டுப் பார்த்தாள். அவர் முதல்முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"கேட்ல உக்காந்தாலும் டிரம் சத்தம் கேக்கும்மா," என்றார். "எவனோ தட்டுவான். உள்ள யாரு இருக்கான்னு தெரியாம, நான் அதக் கேட்டுக்கினே உக்காந்திருக்கணும். அதுக்கு என்னைக் கொன்னு போட்ருங்க."

இதுதான் சங்கதி என்று அம்சவேணிக்கு அப்போது தெளிவாகிவிட்டது. டிரம் பக்கத்திலிருந்து இந்த மனுஷனைப் பிரித்தால் மறுபடியும் உடைந்துபோவார். பயத்தோடு திருப்பி அனுப்பினாலும் உடைந்துபோவார். அவளுடைய ஒரு வரியில் போய் நின்றது அவர் பிழைப்பு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரிலிருந்து மூன்று ஆட்கள் சாத்துக்குடிப் பையோடு வந்து அம்சவேணியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். முனிரத்தினத்தை அல்ல, அவளை. டிரம்முக்குள் இறங்கித் தோலை இழுக்கிறவர்கள். அவர்களில் மூத்தவன் சம்பத். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் சம்பத் தொண்டையைக் கனைத்தான்.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. எங்க அண்ணன முழுசா குணப்படுத்திடாதீங்க."

அம்சவேணிக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. எட்டிப்பார் என்று பேர் வைத்துச் சிரித்தவர்கள், மனுஷன் பிழைத்து எழும்போது வந்து இப்படிக் கேட்கிறார்களே! பிடி பிடியென்று பிடித்துக்கொண்டாள். அவள் குரலுக்கு வராந்தாவில் படுத்திருந்த நாய்கூட எழுந்து போய்விட்டது. மூன்று பேரும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்கள். அவள் மூச்சு வாங்க நின்றபோது சம்பத் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினான். கணுக்கால் வரைக்கும் தோல் உரிந்து காய்ந்திருந்தது.

முனிரத்தினம் போன பிறகு பட்டனுக்கு ஒரு புது ஆளைப் போட்டிருக்கிறார்களாம். அவன் பாட்டுப் பாடிக்கொண்டே தட்டுகிறானாம். போன வாரம் சம்பத்தின் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் இருக்கும்போது டிரம் அசைந்துவிட்டது. கூட இருந்தவர்கள் கத்திய கத்தலில் உடனே நிறுத்தியதால் கால் தோலோடு போயிற்று. அன்றிலிருந்து உள்ளே இறங்க ஒருவனுக்கும் தைரியமில்லை. நீ போ, நீ போ என்று கதவு வாசலில் தினமும் சண்டை.

"அவுரு இருந்தப்ப பேஜாருன்னுதான் நெனச்சோம். பேர் சொல்லிப் பேர் சொல்லிக் கூப்புடுவாரு, நாங்க வேணும்னே குரல் குடுக்க மாட்டோம், கிண்டலுக்கு," என்றான் சம்பத். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவர்கள் போன பிறகு அம்சவேணி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். இத்தனை நாளாக அவள் ஃபைலில் எட்டிப் பார்ப்பதை நோய் என்று எழுதியிருந்தாள். அது குறையக் குறைய முன்னேற்றம் என்று எழுதியிருந்தாள். இப்போது மூன்று பேர் வந்து, அந்த நோயில்தான் எங்கள் உயிர் இருந்தது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இதை எந்தப் பத்தியில் எழுதுவது? டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம், நீ ஒரு தடவை அந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடேன் என்றார்.

முனிரத்தினத்தையும் பூங்காவனத்தையும் கூட்டிக்கொண்டு அம்சவேணி ஆம்பூருக்கு பஸ் ஏறினாள். பள்ளிகொண்டா தாண்டும் வரை முனிரத்தினம் ஏதோ பேசிக்கொண்டு வந்தார். மாதனூரில் பேச்சு நின்றுவிட்டது. ஆம்பூரில் டேனரி வாசலில் நாற்றம் குப்பென்று அடித்ததும் அம்சவேணி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். எங்களுக்குச் சோறு போடுகிற வாசனைம்மா, கொஞ்ச நேரத்தில் பழகிவிடும் என்றாள் பூங்காவனம். பழகவில்லை. ஆனால் உள்ளே போய்ப் பார்த்த காட்சியில் மூக்கை மறந்துவிட்டாள்.

டிரம் கொட்டகையின் ஒரு பக்கத்தில் இருந்தது. பட்டன் இருந்த பலகையோ ஒரு தடித்த தூணைச் சுற்றிக்கொண்டு போய், பின்பக்கச் சுவரில் இருந்தது. பட்டன் பக்கத்தில் நின்றால் டிரம்மின் கதவு கண்ணுக்குத் தெரியாது. கதவின் பக்கத்தில் நின்றால் பட்டன் தெரியாது. கதவை மூடிவிட்டு, தூணைச் சுற்றி வந்து, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தட்ட வேண்டும். நடுவில் எவன் கதவைத் திறந்து உள்ளே இறங்கினாலும் தட்டுகிறவனுக்குத் தெரியப் போவதில்லை.

அம்சவேணி தலையில் அடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி பம்பு ஷெட்டில் மோட்டாரும் சுவிட்சும் அருகருகே இருக்கும், இரண்டும் ஒரே பார்வையில் படும். அங்கே பயம் இறங்காமல் என்ன செய்யும்? ஒன்றரை மாதம் பக்கம் பக்கமாக எழுதியவள், உங்கள் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்டரும் கேட்கவில்லை. முனிரத்தினமும் சொல்லவில்லை, சுவிட்ச் தூணுக்குப் பின்னால்தான் இருக்கும், அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்திருக்கிறார்.

சமத் சாயபு நாற்காலி போடச் சொல்லி, டீ வரவழைத்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவரே போய்த் தூணைச் சுற்றி இரண்டு தடவை நடந்து பார்த்தார். இருபது வருஷமாக இந்த வழியில் போகிறேன், எனக்குத் தோன்றவில்லையே அம்மா என்றார். பலகையை இந்தப் பக்கம் மாற்றத்தான் வேண்டும், ஆனால் அதற்கு டேனரியை நிறுத்தி, கேபிள் இழுத்து, மின்சார வாரியத்தில் கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் பண்டிகைத் தோல் அழுகிவிடும். சீசன் முடிந்ததும் மாற்றித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அது வரைக்கும்? மேஸ்திரி நந்தகோபால், பதினைந்து வருஷம் ஒன்றும் ஆகவில்லையே, எல்லாம் மனசில்தான் இருக்கிறது என்றார்.

முனிரத்தினம் அதுவரைக்கும் தூணில் சாய்ந்து நின்றிருந்தார். மோட்டார் ஓடுவது அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அம்சவேணி அவரைத் தள்ளி அழைத்துக்கொண்டு போய், இந்தப் பயம் உங்களிடம் இல்லாமல் வேறு யாரிடம் இருந்தால் பரவாயில்லை என்று கேட்டாள். ஏதோ வாயில் வந்ததைத்தான் கேட்டாள். அவருக்கு ஆவேசம் வந்துவிட்டது.

"உள்ள போறவனுக்கில்ல இருக்கணும்? அவன் விசில் அடிச்சிக்கினு எறங்கறான், நான் வெளிய நின்னு சாவறேன். உசுரு அவனுது, பட்டன் ஒண்டி என் கையில."

"அப்ப பட்டனை அவன்கிட்டயே குடுத்துடலாமா?"

"பட்டனை எப்படிம்மா தூக்கிக் குடுக்கறது," என்று சொன்னவர் நடுவில் நிறுத்திவிட்டார். திரும்பிப் பலகையைப் பார்த்தார். பட்டனுக்கு மேலே வெள்ளைப் பீங்கானில் மூன்று ஃபியூஸ் கட்டைகள் வரிசையாக இருந்தன. மெயினை அணைத்தார். ஒரு கட்டையை உருவிக் கையில் வைத்துக்கொண்டு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, இது ஒன்று இல்லாவிட்டால் டிரம் சுற்றுமா என்று கேட்டார். மோட்டார் முனகும், சுற்றாது என்றான் அவன். மூன்றும் இல்லாவிட்டால் முனகக்கூடச் செய்யாது என்றான்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சம்பத் அந்தக் கட்டையை வாங்கி, தன் பட்டாபட்டி டவுசர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, டிரம் கதவுக்குள் இறங்கிவிட்டான். மற்ற இரண்டு பேரும் ஆளுக்கொரு கட்டையை உருவிக்கொண்டு அவன் பின்னால் இறங்கினார்கள். இறங்குகிறவன் கையில் கட்டை. அவன் வெளியே வந்து திருப்பிக் கொடுத்தால்தான் கரண்ட். ஆள் குறைந்தால் ஒருவனே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வேண்டியது. ஈரக் கட்டையைத் துணியால் துடைக்காமல் மாட்டினால் கையை உடைப்பேன் என்று எலக்ட்ரீஷியன் எல்லோரையும் மிரட்டி வைத்தான்.

தோலையெல்லாம் இழுத்துப் போட்டுவிட்டு மூன்று பேரும் வெளியே வந்தார்கள். அடுத்த லோடு உள்ளே போனது. முனிரத்தினம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். கதவை மூடினார். தூணைச் சுற்றி நடந்தார். பாதியில் அவர் கால் தயங்கியது. பூங்காவனம் அம்சவேணியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் திரும்பிப் போகவில்லை. உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். மூன்று கட்டைகளும் அங்கேதான் இருந்தன. துடைத்து, ஒவ்வொன்றாக மாட்டி, மெயினைப் போட்டு, பட்டனைத் தட்டினார். டிரம் கடகடவென்று புரண்டு சுற்ற ஆரம்பித்தது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

அம்சவேணி பக்கத்தில் போய், மோட்டார் எப்படி ஓடுகிறது என்று கேட்டாள். "நல்லாத்தான் ஓடுது, சத்தத்தப் பாத்தா தெரியலயா?" என்று டிரம்மைக் காட்டினார் முனிரத்தினம். அவள் கேட்டது வேறு மோட்டார் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. அவளுக்கு உயிர் வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது வேலூர் வரும் வரைக்கும் தனக்குத் தானே சிரித்துக்கொண்டே வந்தாள். பக்கத்து சீட் அம்மாள், இந்தப் பெண் எந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் என்று தெரியாமலே கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

காகிதத்தை அன்று சாயங்காலமே எழுதினாள். டிரம் வேலைக்கு லாயக்கானவர். உள்ளே இறங்குகிறவர்கள் ஃபியூஸ் கட்டையைத் தங்களிடம் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு தொடர வேண்டும். ஒவ்வொரு லோடுக்கும் முன்னால் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். அது அவர் வேலை, அதற்காக அவரை யாரும் அவசரப்படுத்தவோ கேலி செய்யவோ கூடாது. இப்படியே ஒரு முழுப் பக்கம் போயிற்று. டாக்டர் பேனாவை எடுத்தார். சுருக்கப் போகிறார் என்று அவள் சண்டைக்குத் தயாரானாள். அவர் ஒரு எழுத்தையும் அடிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பக்ரீத் வந்தது, போனது. முனிரத்தினம் மாதம் ஒரு தடவை வந்து காட்டிவிட்டுப் போக வேண்டும் என்று ஏற்பாடு. முதல் மாதம் வந்தார், சீசன் வேலை பெண்டு எடுக்கிறது என்று அலுத்துக்கொண்டார், நன்றாகத் தூங்குவதாகச் சொன்னார். அம்சவேணி சந்தோஷமாக எழுதிக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வாரமே, வர வேண்டிய நாளுக்கு எவ்வளவோ முன்னால், காலையில் கதவுக்கு வெளியே முனிரத்தினம் நின்றுகொண்டிருந்தார். போச்சு, எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தாள் அம்சவேணி. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். அவர் ஒரு சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"நடந்துடிச்சும்மா. நான் பயந்தது நடந்துடிச்சு."

அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். அவரோ அமைதியாகச் சொல்லிக்கொண்டு போனார். முந்தாநாள் தோல் வந்து குவிந்து கிடந்தது. ஆள் போதவில்லை. சம்பத் ஒருவன் மட்டும் டிரம்முக்குள் இறங்கியிருந்தான். முனிரத்தினம் மருந்து எடுத்துவர ஸ்டோர் பக்கம் போயிருந்தார். அவசரத்தில் இருந்த மேஸ்திரி நந்தகோபால், டிரம் ஏன் சும்மா நிற்கிறது என்று கத்திக்கொண்டே தூணைச் சுற்றிப் போய், பலகையை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் பட்டனைத் தட்டிவிட்டார். ஓடவில்லை. கரண்ட் இல்லையா என்று திட்டிக்கொண்டு மறுபடி தட்டினார். இந்தப் பக்கம் வந்து எலக்ட்ரீஷியனை வைய ஆரம்பித்தபோது, டிரம்முக்குள்ளிருந்து சம்பத்தின் தலை வெளியே வந்தது.

"மூணு கட்டையும் அவன் டவுசர்ல இருந்துச்சும்மா," என்றார் முனிரத்தினம். "ரெண்டு வருசமா இதுக்குதான் பயந்தேன். நடந்துட்டு, ஒண்ணும் ஆவாம போய்டுச்சு. சம்பத்து வெளிய வந்து டீ குடிச்சான். நானும் அவன்கூட உக்காந்து குடிச்சேன்."

அம்சவேணி மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். நிம்மதியில் வந்த அழுகை, அவளால் அடக்க முடியவில்லை. முனிரத்தினம் சங்கடப்பட்டு, அழாதீங்கம்மா, அதுதான் ஒன்றும் ஆகவில்லையே என்று அவளுக்கு ஆறுதல் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்போது பயம் எப்படி இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தீர்களா என்று கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. மேஸ்திரிக்குதான். ரெண்டு நாளா சோறு எறங்கல, கை நிக்காம ஆடுது. வரமாட்டேன்னாரு, நான்தான் பஸ் ஏத்திக் கூட்டியாந்தேன்."

அம்சவேணி எழுந்து வாசலுக்குப் போனாள். வராந்தா பெஞ்சின் ஓரத்தில் நந்தகோபால் உட்கார்ந்திருந்தார். மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து விடக்கூடத் தோன்றாமல், இரண்டு கையையும் தொடைக்கு நடுவே இறுக்கி வைத்திருந்தார். அவள் ஏதாவது சொல்வதற்குள் முனிரத்தினம் அவளைத் தாண்டிப் போய், அவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, அந்தக் கைகளில் ஒன்றை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"சம்பத்து நல்லா கீறான் மேஸ்திரி," என்றார். "காலைலகூடப் பாத்துட்டுதான் வந்தேன்."